ஒன்ஸ் மோர் கேட்ட மாப்பிள்ளை

23 அக்டோபர் 2019, புதன்

பதினான்கு நாள் பேசக் கூடாது. குரல்நாணில் மிளகு அளவுக்குச் சதை வளர்ந்திருந்தது, நேற்று எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம், ஆனால் வாயைத் திறந்தால் புண் ஆறாதாம். "கிசுகிசுன்னு பேசறதும் கூடாது சார், அது இன்னும் கெடுதல். எழுதிக் காட்டுங்க" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் செண்பகம் சிரித்துவிட்டாள். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு டாக்டரு எனக்கு வைத்தியம் பாத்திருக்காரு."

ஆகவே, பேச்சுக்குத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம். மனசில் ஓடுவதற்கு இந்த டைரி. ஜனவரியில் மருந்துக் கடைக்காரர் கொடுத்தது, இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை.

முறைப்படி ஆரம்பிக்கிறேன். பெயர் இளவழகன். வயது அறுபத்தெட்டு. பொன்மலை ரயில்வே பணிமனை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் சனி, ஞாயிறுகளில் சந்திரோதயம் இன்னிசைக் குழுவின் இந்திப் பாட்டுக்காரன். எழுபதுகளில் திருச்சிப் பக்கம் கல்யாண வரவேற்பு என்றால் இரண்டு இந்திப் பாட்டாவது இருந்தாக வேண்டும், அது பெண் வீட்டுக்குக் கௌரவம். மற்றக் குழுக்காரர்கள் நாற்பது பக்க நோட்டில் இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதி, எந்தக் 'க' என்று தெரிவதற்காகத் தலைமேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டு பாடுவார்கள். அர்த்தம் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். நான் அர்த்தம் தெரிந்து பாடியவன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

24 அக்டோபர், வியாழன்

பால்காரரிடம் விரலை மடக்கி அரை லிட்டர் என்று காட்டினேன். ஒன்றரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் பாயசம்.

27 அக்டோபர், ஞாயிறு, தீபாவளி

மகன் புனாவிலிருந்து போன் செய்தான். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை என்று செண்பகம் ஏற்பாடு செய்துவிட்டாள். போனை மேஜையில் வைத்ததும், "அப்பா நல்லா இருக்கீங்களா?" என்றான். ஒரு தட்டு. "அம்மா திட்டறாங்களா?" இரண்டு தட்டு. செண்பகம் முறைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

மத்தியானம் பழைய இந்திப் பாட்டுகள் கேட்டேன். பாட முடியாதவனுக்குக் கேட்பதாவது மிச்சம். கறுப்பு வெள்ளைக் காலத்து இந்திப் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பெரிய மாளிகை, விருந்து. கதாநாயகிக்கு அன்று வேறொருவனோடு நிச்சயதார்த்தம். பழைய காதலன் பியானோ முன்னால் உட்கார்ந்து வாழ்த்துப் பாடுவான். வந்தவர்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள், அவர்களுக்கு அது வாழ்த்து. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு அடியும் தைக்கும். நம் பாட்டுகளில் ஏமாந்தவன் திட்டுவான், அழுவான், இல்லையென்றால் தத்துவம் பேசுவான். இந்தியில் ஏமாந்தவன் மரியாதை கொடுப்பான். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். நேற்றுவரை 'நீ' என்று உருகியவளை இன்று 'தாங்கள்' என்பான். அதைவிட வலிக்கிற வசவு கிடையாது.

இதை நான் கண்டுபிடித்ததாக எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

செண்பகம் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள். "எல்லாப் பாட்டும் இழுத்துக்கிட்டே இருக்கே, யாரு செத்தா?" என்றாள். காலண்டர் தாளில் 'காதல்' என்று எழுதிக் காட்டினேன். "ஓகோ" என்று முறுக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

30 அக்டோபர், புதன்

இன்று ஒரு பெண் தேடிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும், பெயர் சந்தியா. கையில் ஒரு கல்யாண ஆல்பம். படத்தில் மேடைக்குப் பின்னால் எங்கள் சந்திரோதயம் பானர், மைக்கின் முன்னால் பெல்பாட்டமும் கிருதாவுமாக நான். அந்தப் பானரை வைத்துப் பொன்மலை முழுக்க விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மணமேடையில் நின்றது வசுமதி. சந்தியா வசுமதியின் மகள்.

நான் பேச முடியாது என்று செண்பகம் சொன்னதும் அந்தப் பெண் தானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "அங்கிள், அப்பாவுக்கு எழுபது முடியுது. நவம்பர் இருபத்தி நாலு, ஞாயித்துக்கிழமை. தில்லைநகர்ல ஹால் புடிச்சிருக்கோம். அவங்க கல்யாணத்துல நீங்க ஒரு இந்திப் பாட்டு பாடுனீங்களாமே, அதை நீங்களே வந்து பாடணும். அப்பாவுக்குச் சர்ப்ரைஸ்."

எந்தப் பாட்டு என்று எழுதிக் கேட்டேன். முனகிக் காட்டினாள். அதே பாட்டு. ஒரு சுரம் தப்பவில்லை.

"வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியாது அங்கிள். எனக்கு இந்தியும் வராது. அப்பாவும் வார்த்தை பாட மாட்டாரு, ட்யூன் மட்டும்தான். நான் பொறந்ததுலேருந்து கேக்கறேன். அம்மா புதுப் பொடவை கட்டிட்டு வந்து நின்னாப் போதும், அப்பா ஆரம்பிச்சுருவாரு. யாராவது அம்மா சமையலைப் பாராட்டினா ஆரம்பிச்சுருவாரு. அம்மா ஏதாவது எதுத்துப் பேசினா அவ்ளோதான், பேப்பரை மடிச்சு வெச்சுட்டு மெதுவா முனகுவாரு. அம்மா எந்திரிச்சு உள்ள போயிருவாங்க. அவ்வளவு வெக்கம்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம்கூட ஓடாத படத்தின் பாட்டு அது. என் தொண்டையிலிருந்து போய் ஒரு வீட்டில் நாற்பத்து மூன்று வருஷம் குடியிருந்திருக்கிறது. தாளில் 'பாடுகிறேன்' என்று பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தேன். சந்தியா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு செண்பகம் கேட்டாள். "ஏங்க, புடிச்ச பாட்டுன்னா அந்தம்மா எதுக்கு எந்திரிச்சு உள்ள போகுது?"

31 அக்டோபர், வியாழன்

செண்பகத்துக்குப் பதில் எழுதவில்லை. தாள் தீர்ந்துவிட்டது என்று கை விரித்தேன். தாள் தீரவில்லை.

2 நவம்பர், சனி

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கி மாட்டினேன். ஆவி பிடித்தேன். இனி எழுதாமல் தப்பிக்க வழியில்லை.

எங்கள் அப்பா பணிமனையில் ஃபிட்டர். அறுபத்தைந்தில் தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பலகையில் இந்தியை அழிக்கப் போனவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் எழுபத்து மூன்றில் திருட்டுத்தனமாக இந்தி வகுப்புக்குப் போனேன். பாட்டுக்காகத்தான். காலனியில் ஒரு வாத்தியார் வீட்டு முன்னறையில் மாலை வகுப்பு. அங்கேதான் வசுமதி. தெலுங்கு பேசுகிற வீடு, அப்பா ரயில்வேயில் கிளார்க். பரீட்சையில் நான் தோற்பேன், அவள் தேறுவாள். நான் தோற்ற பரீட்சைக்கு அவளே எனக்குப் பாடம் சொல்லித் தந்தாள். இரண்டு வருஷம் பழகினோம். கல்யாணம் செய்துகொள்வோம் என்று பேசிக்கொண்டோம். எழுபத்தாறு மாசியில் அவள் வேறொருவருக்குக் கழுத்தை நீட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் அப்பாவுக்கு எங்கள் விஷயம் எதுவும் தெரியாது. குழுத் தலைவர் அவருடைய நண்பர் என்பதால் வரவேற்புக் கச்சேரிக்கு எங்களையே பிடித்தார். நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனேன். மூன்றாவது பாட்டாக அதைப் பாடினேன்.

பாட்டின் அர்த்தம் ஏறக்குறைய இது: 'வாழ்த்துகள் அம்மணி. வாக்குக் கொடுப்பதில் தங்களை மிஞ்ச ஊரில் ஆளில்லை. அடுத்த வாக்கை யாருக்குக் கொடுத்தாலும் இதே அழகோடு கொடுங்கள். தங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, நம்பியவனுடைய கண்ணில்தான் கோளாறு. இன்று மணமாலை போட்டுக்கொள்கிற கனவானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம், அவர் தூங்க வேண்டும்.'

முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபம். சொக்கிப் போய்க் கேட்டார்கள். நடுவில் அந்த வாழ்த்துச் சொல் வரும்போதெல்லாம் கை தட்டினார்கள். கேட்கிறவர்களுக்கு வாழ்த்து, அவளுக்கு மட்டும் நெருப்பு. வசுமதி மாலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நிமிரவில்லை. பாடி முடித்ததும் மாப்பிள்ளையே கையைத் தூக்கி, "ஒன்ஸ் மோர்!" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மறுபடியும் பாடினேன். அன்று பாடின மாதிரி வாழ்நாளில் நான் பாடியதில்லை.

இத்தனை வருஷமும் அதை என் பெரிய வெற்றியாகத்தான் வைத்திருந்தேன்.

5 நவம்பர், செவ்வாய்

சந்தியா போனில் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறாள். அப்பாவின் படம், கீழே அவரைப் பற்றிப் பத்து வரி. ஜெகந்நாதன். "1971இல் இட்டார்சியில் ரயில்வே கார்டாகப் பணியில் சேர்ந்து, திருமணத்துக்குப் பின் திருச்சிக்கு மாற்றலாகி..."

எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தாறுவரை இட்டார்சி. ஐந்து வருஷம். அங்கே டீக்கடையில் டீ கேட்பதற்கும் இந்திதான் பேச வேண்டும்.

மாப்பிள்ளை ரயில்வே வேலை என்று தெரியும். எந்த ஊரில் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

புரிந்துகொண்டுதான் ஒன்ஸ் மோர் கேட்டிருக்கிறார்.

6 நவம்பர், புதன்

டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது, மெதுவாகப் பேசலாம் என்றார். "இருபத்தி நாலாந்தேதி பாடலாமா?" என்று கேட்டது செண்பகம். "ஒரு பாட்டு தாராளமா பாடட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து நாளாக மூடியிருந்த வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். குரல் கரகரவென்று யாருடையதோ மாதிரி இருந்தது. வசுமதியைப் பற்றி இதற்குமுன் செண்பகத்திடம் ஒரு சொல் சொன்னதில்லை. அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். கோபம் வரும், தட்டு பறக்கும் என்று பார்த்தேன்.

"நம்ம கல்யாணத்துலயும் உங்க குழுதானே வாசிச்சாங்க" என்றாள்.

"ஆமா."

"நீங்க என்ன பாட்டு பாடுனீங்க?"

நான் பாடவில்லை. குழுத் தலைவர் மைக்கை நீட்டினார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஏமாந்த காதலன் தன் கல்யாணத்தில் பாடக் கூடாது என்று அப்போது ஒரு எண்ணம்.

"எங்க அக்கா கேட்டுச்சு. மாப்பிள்ளை ஊரு கல்யாணத்துலல்லாம் பாடுறாராம், சொந்தக் கல்யாணத்துல வாயே தெறக்கலையேன்னு. தொண்டைன்னு நானும் சொன்னேன்" என்றாள் செண்பகம். மோரை எடுத்து வைத்துவிட்டு, "இப்ப அங்க போயி பாடப் போறீங்களா?" என்றாள்.

தெரியவில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியவில்லை. பாடினால் அந்த அம்மாளை முந்நூறு பேர் நடுவே இன்னொரு முறை நிற்க வைக்கிறேன். பாடாவிட்டால் அந்தப் பெண் காரணம் கேட்பாள்.

9 நவம்பர், சனி

தொட்டி கழுவினேன். கொய்யா மரத்துக்குப் பாத்தி கட்டினேன். சந்தியா இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை.

இரண்டாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். வசுமதி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொன்னாள். வரன் வந்திருக்கிறது என்று எழுபத்தைந்து ஐப்பசியில் சொன்னாள். வகுப்பு முடிந்து வரும்போது, லெவல் கிராஸிங் பக்கத்தில். "ஞாயித்துக்கிழமை அப்பா வீட்ல இருப்பாரு. நாலு மணிக்கு வாங்க. நான் காப்பி கொண்டு வர்றப்ப நானே எடுத்துச் சொல்லிர்றேன். நீங்க வந்து உக்காந்தாப் போதும்" என்றாள். வருகிறேன் என்றேன்.

அந்த ஞாயிறு எனக்குக் கரூரில் கச்சேரி இருந்தது.

இன்னொரு திருத்தமும் உண்டு. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. பாட்டுப் புஸ்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு அவள் எனக்குக் காட்டிக் கொடுத்தது. "கவனிச்சீங்களா, இங்கேருந்து அவன் 'தாங்கள்'னு மாறிர்றான்" என்றாள். அதற்குமுன் எனக்கும் அது வாழ்த்துப் பாட்டுதான்.

12 நவம்பர், செவ்வாய்

வசுமதி வந்திருந்தாள். குங்குமச் சிமிழும் அழைப்பிதழும் வைத்த தட்டோடு, ஆட்டோவில், தனியாக. தலை முழுக்க நரைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடி. வாசலில் பார்த்த உடனே அவள்தான் என்று தெரிந்தது.

செண்பகத்துக்குக் குங்குமம் கொடுத்து, தட்டிலிருந்து அழைப்பிதழை எடுத்து அவள் கையில்தான் கொடுத்தாள். "சந்தியா சொன்னா. சர்ப்ரைஸ்னு அவ அப்பாவுக்குத்தான் மறைக்கிறா, எனக்கில்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தொண்டை ஆபரேஷனாம். இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல. டாக்டர் பாடலாம்னு சொல்லிட்டாரு."

"சரியாகலைன்னு சொல்லிடுங்க. உங்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாதா என்ன?"

செண்பகம் காபி கலக்குகிற சாக்கில் எழுந்தாள். வசுமதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருங்க. நீங்க கேக்கக் கூடாதது ஒண்ணும் இல்ல."

அவருக்கு எல்லாம் தெரியுமா என்று நான் கேட்டேன்.

"மேடையிலேயே தெரியும். அன்னைக்கு நீங்க ரெண்டாவது தடவை பாடறப்ப எங்கிட்ட குனிஞ்சு, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லிக்கிட்டே வந்தாரு. எனக்கு இந்தி தெரியாதுன்னு நெனச்சாராம்." சிரித்தாள். "நல்லவருதான். கை நீட்டினதில்ல, குடிச்சதில்ல. பிள்ளைங்களை உசுரா வளத்தாரு. ஆனா நான் எது சொன்னாலும் அவருக்கு அது வாக்குத் தவறினவ சொல்றது. நான் வேலைக்குப் போறேன்னு கேட்டப்ப, எங்கம்மா முடியாம கெடக்காங்கன்னு நான் ஊருக்குக் கிளம்பினப்ப, வாயைத் தெறந்து வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. முனகுவாரு. நான் பையைக் கீழ வெச்சிருவேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்பது நினைவில்லை, மோசமாகத்தான் கேட்டேன்.

"அதுக்கு வரல" என்றாள். "சந்தியா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பாட்டுல வாழ்ந்தோம்னு நெனச்சிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும். அவகிட்ட எதையும் சொல்ல வேணாம், மைக்லயும் எதையும் பேச வேணாம். வந்து சாப்ட்டுட்டுப் போங்க. வராம இருந்துராதீங்க, அவ தேடி வந்து கேப்பா." எழுந்தவள், "வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்கறது உங்களுக்குப் புதுசில்ல, அதான் சொல்லி வெக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டாள். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

ஆட்டோ திரும்பும்வரை செண்பகம் வாசலில் நின்றாள். உள்ளே வந்து, "வராம இருந்தது நீங்களா?" என்று கேட்டாள்.

13 நவம்பர், புதன்

சந்தியாவுக்குப் போன் செய்து, டாக்டர் கூடாது என்கிறார், வந்து வாழ்த்திவிட்டுப் போகிறேன் என்றேன். "பரவால்ல அங்கிள், அன்னைக்கு முடிஞ்சாப் பாருங்க" என்றாள். நல்ல பெண்.

17 நவம்பர், ஞாயிறு

இதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரூர்க் கச்சேரி மழையால் ரத்து. சனிக்கிழமையே ஆள் வந்து சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். அவள் வீட்டுத் தெருமுனைவரை போனேன். அவள் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என்ன சம்பளம் என்பார், வேறு சாதி என்பார், எங்கள் அப்பா காதுக்குப் போகும், இந்தி வகுப்பு விஷயமும் சேர்ந்து வெளியே வரும். அப்படியே திரும்பி பஸ் ஏறி ஜங்ஷனுக்குப் போனேன். ஒரு தியேட்டரில் இந்திப் படம். மூன்றரை மணிக்கு ஆட்டம். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படத்தில்தான் அந்தப் பாட்டு. முதல்முறையாக அங்கேதான் கேட்டேன். கதாநாயகன் பியானோ முன்னால் உட்கார்ந்து வாக்குத் தவறியவளை வாழ்த்தினான். ஐந்து மணி இருக்கும். அவள் காபியைக் கலந்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருப்பாள். நான் இருட்டில் உட்கார்ந்து கண்ணீர் விட்டேன், அவளுக்காக இல்லை. அந்தக் கதாநாயகன் நான்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அடுத்த வாரமும் போய்ப் பார்த்து, வார்த்தைகளை எழுதிக்கொண்டு வந்தேன். வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பாட்டை அவளுக்கே பாடினேன். தவறியது என் வாக்கு, வசவு அவளுக்கு. அந்தப் படங்களில் பியானோ முன்னால் ஆண் மட்டும்தான் உட்காருவான். அவள் பதில் பாடுவதாக ஒரு காட்சியையும் நான் பார்த்ததில்லை. பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

செண்பகம் இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். மைக்கில் பேச மாட்டேன், சந்தியாவிடம் மூச்சு விட மாட்டேன். ஜெகந்நாதனிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுவேன், தவறியது நான் என்று. இனியாவது அவள் அந்த ராகத்தைக் கேட்காமல் இருக்கட்டும்.

25 நவம்பர், திங்கள்

நேற்று நடந்தது.

பெரிய ஹால், வாசலில் ரோஜாவும் கற்கண்டும். ஜெகந்நாதன் நல்ல உயரம், பட்டு வேட்டி, சிரித்த முகம். குழந்தைகள் அவர் மேல் ஏறி விளையாடின. எல்லோருக்கும் பிடித்த மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. பந்தி ஆரம்பித்த நேரத்தில் மேடைக்குப் பக்கத்து அறையில் காலை நீட்டித் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் என் பெயரைச் சொன்னேன்.

"பாடகரா! வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சந்தியா உங்களைத் தேடிட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அதுக்கு ஒரு சந்தோஷம். பாடப் போறீங்களா?"

"இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்."

சொன்னேன். லெவல் கிராஸிங், நாலு மணி, தெருமுனை, தியேட்டர், எதையும் விடவில்லை. வாக்குத் தவறியது நான்தான், அவர்கள் இல்லை, அந்தப் பாட்டில் ஒரு வரிகூட அவர்களுக்குப் பொருந்தாது என்று சொன்னேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் சால்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன மொத வாரமே சொன்னா" என்றார். "இதே கதைதான். அவ அப்பாவை வாசல்ல உக்கார வெச்சுட்டு, காப்பியைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணினது வரைக்கும். சினிமா மட்டும் அவளுக்குத் தெரியாது. அழக்கூட இல்ல, சாதாரணமாச் சொன்னா. நான் நம்பல."

"ஏன் நம்பலை?"

"நீங்க அவ்வளவு நல்லாப் பாடியிருந்தீங்களே சார். அப்படிப் பாடறவன் பொய் சொல்லுவானான்னு இருந்துச்சு."

முப்பது வருஷம் மேடையேறி எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றும் இப்படிச் சொல்லப்பட்டதில்லை.

சந்தியா மைக்கோடு ஓடி வந்தாள். "அங்கிள், நாலு வரி மட்டும், ப்ளீஸ். அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"வேணாம்மா" என்றார் ஜெகந்நாதன். "அந்தப் பாட்டு இனிமே வேணாம்." அவள் முகம் வாடிப் போனது. அதைச் சொன்னபோது அவர் கதவு வழியாகப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வசுமதி இலைக்கு இலை குனிந்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்தாள். செண்பகம் பக்கத்தில் இருந்தாள்.

"அவருகிட்ட என்ன சொன்னீங்க? வந்து எங்கிட்ட, உனக்கு எங்கயாவது போகணுமா வசுன்னு கேக்கறாரு."

"உண்மையைச் சொல்லிட்டேன். நான் வராததை."

"நான் நாப்பத்திமூணு வருஷமா சொன்னதைத்தானே?"

"ஆமா."

"நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு" என்றேன். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஒளிப்பானேன். அவள் முகம் மலரும் என்று நினைத்து நின்றேன். வசுமதி குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கையையே மறுபடியும் கழுவினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னப்பல்லாம் நம்பல. நீங்க ஒரு தடவை வந்து சொன்னதும் நம்பிட்டாரு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செண்பகத்திடம் மட்டும், "நீங்க இன்னும் சாப்பிடலையே, வாங்க" என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு பந்திப் பக்கம் போனாள்.